பூச்சு ஸ்லைடுக்கு ஜெலட்டின் வேண்டாம்

நுண்ணோக்கியில் பார்க்க, திசுவை மெல்லிசாக வெட்டி, வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் (வாட்டர் பாத்) மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் எடுப்பார்கள்; திசு நன்றாக ஒட்டுவதற்காக முன்பே பூச்சு இட்டது பூச்சு ஸ்லைடு. இதைப் பற்றி லேப் டெக்னீஷியன்கள் நடுவே ஒரு குறிப்பு சுற்றுகிறது: "பூச்சு ஸ்லைடு வைத்திருந்தாலும் வாட்டர் பாத்தில் கொஞ்சம் ஜெலட்டின் போடுங்கள், திசு இரட்டிப்பாக ஒட்டும்." தவறு. போட்டால் பிடிப்பு குறையத்தான் வாய்ப்பு அதிகம்.

பூச்சு என்றதும் கோந்து மாதிரி எதையோ தடவியிருப்பதாக நினைப்பதில்தான் குழப்பம். பூச்சாகப் போடும் பாலி-எல்-லைசினும் அமினோசிலேனும் கண்ணாடியின் மேற்பரப்புக்கு நேர்மின்னூட்டம் தருகின்றன. திசுவில் எதிர்மின்னூட்டம் உள்ள பகுதிகள் ஏராளம்; இரண்டும் ஈர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. தண்ணீரில் கரைந்த ஜெலட்டினும் புரதம்தானே? பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, திசு வந்து சேருமுன் அதுவே அந்த இடங்களை அடைத்துவிடும். அது போதாதென்று, நிறமேற்றும்போது பின்னணியிலும் கறை தெரியும். ஆன்டிபாடி கொண்டு திசுவில் குறிப்பிட்ட புரதத்தைத் தேடும் இம்யூனோ பரிசோதனையில் இது பெரிய தொல்லை.

முட்டை வெள்ளைக்கருவும் கிளிசரினும் கலந்த மேயர் பசை சாதாரணக் கண்ணாடிக்கு உரியது. அங்கே அதைக் குறை சொல்ல முடியாது.

சரி, பூச்சு ஸ்லைடிலும் சில நேரம் திசு உரிகிறதே? பெரும்பாலும் அடியில் சிக்கிய தண்ணீர்தான் காரணம். ஆன்டிஜென் மீட்புக்காக (இம்யூனோ பரிசோதனைக்கு முன், திசுவில் மறைந்துள்ள புரதங்களை வெளிக்கொணர) 95 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது சரியாகக் காயாத திசு வெட்டு கிளம்பிவிடும். கொழுப்பும் எலும்பும் உள்ள திசுக்களில் இன்னும் சுலபமாக. 3 முதல் 4 மைக்ரான் தடிமனில் சுருக்கமில்லாமல் வெட்டி, ஸ்லைடை நிமிர்த்தி வைத்து நீரை வடியவிட்டு, அப்புறம் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவையுங்கள். வாட்டர் பாத்தில் சுத்தமான காய்ச்சி வடித்த நீர் மட்டும் போதும்.