பயிற்சித்தாளும் பல்லாங்குழியும்
விடுமுறையில் நாள்தோறும் ஒரு மணி நேரம் பயிற்சித்தாள் எழுத வைத்தால் பிள்ளைகள் கற்றதை மறக்கமாட்டார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்ததை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. இரண்டாம் வகுப்பு முடித்த என் பேத்திக்குச் சென்ற மே மாதம் அப்படித்தான் செய்தோம். பத்தாம் நாளே, பென்சிலைக் கண்டால் வயிறு வலிக்கிறது என்றாள். பிறகு என் மனைவி பரணிலிருந்த பல்லாங்குழியை இறக்கி, 14 குழிகளிலும் குழிக்கு 5 வீதம் புளியங்கொட்டைகளை இட்டு, மொத்தம் எத்தனை என்று கேட்டு ஆட்டத்தைத் தொடங்கினார். முதல் நாள் ஒவ்வொன்றாக எண்ணி 70 என்று சொன்னவள், ஒரு வாரத்தில் ஐந்தைந்தாகக் கூட்டவும், பாட்டியிடம் போன காய்களைக் கழித்துத் தன் கையிருப்பைச் சொல்லவும் பழகிவிட்டாள். விளையாட்டால் வாசிப்பு வளராது என்று அக்கட்டுரையின் வாசகர் ஒருவர் குறிப்பிட்டிருப்பது ஓரளவு உண்மையே. அதற்காக மளிகைப் பட்டியலை அவளையே எழுதச் சொன்னோம். வெல்லத்துக்குப் பதிலாக 'வெள்ளம் அரைக் கிலோ' என்று எழுதிக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் கேலிக்கு ஆளான பின், ல, ள வேறுபாட்டை அவள் மறக்கவேயில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்காக 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்புகளே பாடல், கதை, விளையாட்டு வழியாகக் கற்பிக்கும்போது, வீட்டில் மட்டும் தாளைத் திணிப்பது எனக்கு முரணாகப் படுகிறது. கையெழுத்துக்கு வேண்டுமானால் பயிற்சித்தாள் பயன்படலாம். அதற்கும் கால் மணி நேரம் போதும்.