பிள்ளைக்கு எத்தின வயசு?

போன சனிக்கிழமை கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு புத்தகக் கடையில் காசு கட்ட நின்றேன். கையில் ஒரேயொரு புத்தகம், ஒரு இளையோர் நாவல். அட்டையில் முதுகுப்பை போட்ட ஒரு பெட்டை, பின்னால் மஞ்சள் சுவரோடு பள்ளிக்கூடம். கவுண்டரில் இருந்த தங்கச்சி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு எத்தின வயசு மிஸ்? கிஃப்ட் ரப் பண்ணவா?" என்று கேட்டாள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பதினஞ்சு" என்று சொல்லிவிட்டேன்.

எனக்குப் பிள்ளை இல்லை. கலியாணமே கட்டவில்லை. பூப்போட்ட தாளில் சுற்றி, ரிபனும் கட்டித் தந்த புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவைச் சாத்திவிட்டு நானே பிரித்தேன். வயது 44, கப்பல் முகவர் நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவு, மாதக் கடைசியில் இரவு எட்டு மணிவரை எக்ஸெல். இப்படிப்பட்ட ஒருத்தி ஒரு புத்தகத்துக்காக ஏன் இல்லாத பிள்ளையைப் பெற்றுக்கொள்ள வேண்டும்? அந்தக் கேள்வி ஒரு கிழமையாக அரிக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளப் பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இளையோர் நாவல் என்று நான் சொல்வது, பதிப்பகங்கள் 12 முதல் 18 வயதுவரை என்று குறித்து விற்கிற கதைகளை. இந்தப் பழக்கம் ஐந்தாறு வருசத்துக்கு முன் தொற்றியது. டிசெம்பர் விடுமுறைக்கு டொரொன்டோவிலிருந்து வந்த அக்காவின் மகள், பெட்டி பாரமென்று இரண்டு புத்தகங்களை என் அறையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். ஒன்றை ரயிலில் பிரித்தேன். கோட்டையில் ஏறி வெள்ளவத்தையில் இறங்க வேண்டியவள், நிமிர்ந்து பார்த்தபோது தெஹிவளை. திரும்பி பஸ்ஸில் வந்தேன், பஸ்ஸிலும் வாசித்தேன். அவளுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னபோது, "சித்தி, அது எய்ற்த் கிரேட் புக்!" என்று சிரித்தாள்.

என்னைப் போன்றவர்கள் கொஞ்சப் பேரல்ல. 2012இல் பவ்கர் என்ற நூற்சந்தை ஆய்வு நிறுவனம் அமெரிக்காவில் கணக்கெடுத்தது. இளையோர் நூல்களை வாங்குகிறவர்களில் 55 வீதமானோர் 18 வயதைத் தாண்டியவர்கள். அதிலும் பெரிய பங்கு 30 முதல் 44 வயதுக்காரருடையது. பிள்ளைகளுக்காக வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் அதுவும் இல்லை, பெரும்பாலும் தாங்கள் வாசிக்கத்தானாம். அந்தக் கணக்கில் எனக்கு இன்னும் நாலு மாதம் மிச்சம் இருக்கிறது.

அந்தப் பெயர்ப்பலகையே கடைக்காரர் மாட்டுவதுதான். மார்கஸ் சூசாக்கின் 'த புக் தீஃப்' 2005இல் அவுஸ்திரேலியாவில் பெரியவர்களுக்கான நாவலாக வந்தது. அடுத்த வருசம் அமெரிக்காவில் அதே நாவலை இளையோர் தட்டில் வைத்தார்கள். கடல் தாண்டியதும் வயது குறைந்துவிட்டது. எங்கள் குடும்பத்திலும் சில பேருக்கு அப்படி நடந்திருக்கிறது, பெயர் சொல்லமாட்டேன்.

தமிழுக்கு இந்த வயது புதிதில்லை. பெண்ணின் ஏழு பருவங்களுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். நூலுக்கு நூல் கணக்குக் கொஞ்சம் மாறும். பரவலாகச் சொல்லப்படுவதில் 14 முதல் 19 வரை மடந்தை. பதிப்பகக்காரர் குறிவைக்கிற அதே பிள்ளைதான் கிட்டத்தட்ட. ஆனால் உலா இலக்கியத்தில் அந்த மடந்தைக்குக் கொடுக்கப்பட்ட ஒரே வேலை, வீதியில் பவனி போகிற அரசனைப் பார்த்து ஏங்குவது. அவளுக்குச் சினேகிதியோடு சண்டை வந்ததா, தாயோடு பேச்சில்லாமல் இருந்தாளா, ஒருவரும் கேட்கவில்லை. பேரிளம்பெண் 40 வயதோடு முடிகிறாள். அதற்குமேல் பெயரே இல்லை. பெயரில்லாத வயதில் இருப்பவள் என்ன வாசித்தால்தான் என்ன.

என் வாசிப்பு அம்புலிமாமாவில் தொடங்கியது. அதன்பிறகு ஒரே தாவல். பதின்மூன்று வயதில் பக்கத்து வீட்டு அன்ரி வாங்கும் மாத நாவல்கள், பதினான்கில் அப்பாவின் அலுமாரியில் இருந்த தடித்த சரித்திரக் கதைகள். வீட்டுக்கு வந்தவர்களிடம் அப்பா பெருமையாகச் சொல்வார், "இவள் இப்பவே பெரிய ஆக்களின்ர புத்தகம் வாசிக்கிறாள்" என்று. பதினான்கு வயதில் நாற்பது வயதுக்காரரின் புத்தகம் வாசித்தால் கெட்டிக்காரி. நாற்பது வயதில் பதினான்கு வயதுக்காரியின் புத்தகம் வாசித்தால் மட்டும் ரிபன் கட்டி மறைக்க வேண்டியிருக்கிறது.

எனக்குப் பதினைந்து நடந்தது 1996இல், போர்க்காலக் கொழும்பில். ஜனவரி 31இல் மத்திய வங்கிக் குண்டு. ஜூலை 24இல் தெஹிவளையில் ரயிலில் குண்டு. அப்பா தினமும் வந்துபோகும் பாதை அது. அன்றைக்கு அவர் வேறு ரயிலில் வந்தார். அதற்குப் பிறகு அம்மா என் நாளை நிமிடக் கணக்கில் பிரித்து வைத்திருந்தா. பாடசாலை முடிந்து இத்தனை மணிக்கு பஸ், ரியூசன் முடிந்து இத்தனை மணிக்கு வீடு. அந்தக் காலத்தில் பதினாறு வயதில் அடையாள அட்டை எடுப்பது மற்றப் பிள்ளைகளுக்கு வளர்ந்துவிட்டேன் என்ற சந்தோசம். எங்களுக்கு அது சோதனைச் சாவடியில் நீட்டும் சாமான். எனக்கு அப்போது அதுகூட இல்லை.

அந்த ஓகஸ்டில் ஒரு நாள் பம்பலப்பிட்டியில் கணித ரியூசன் அரை மணித்தியாலம் முன்னதாக முடிந்தது. நானும் சினேகிதியும் மெஜஸ்டிக் சிற்றி கடைத்தொகுதிக்குப் போய் ஐஸ்கிரீம் குடித்தோம். ஏதோ கதைத்தோம், சிரித்தோம், எதைப் பற்றி என்று இப்போது ஒன்றும் நினைவில்லை. வெளியே வந்தால் மழை, காலி வீதி அடைத்துக்கிடக்கிறது, பஸ் எல்லாவற்றையும் மறித்துச் சோதிக்கிறார்கள். வெள்ளவத்தையில் இறங்கியபோது ஒன்றேகால் மணித்தியாலம் பிந்திவிட்டது. பஸ் தரிப்பில் அம்மா குடையோடு நின்றா. அடிப்பா என்று நினைத்தேன். "குடையைப் பிடி" என்று மட்டும் சொன்னா. வீட்டுக்கு வந்து கைப்பையைத் திறந்து என் பிறப்புச் சான்றிதழை எடுத்து அலுமாரியில் திரும்ப வைத்தா. பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டிவரும் என்று எடுத்துக்கொண்டு வந்திருக்கிறா. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் மட்டும்தான். ஒரு ஐஸ்கிரீமுக்கு இவ்வளவு கூத்தா என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

அக்காவின் மகள் விட்டுப்போன புத்தகத்தில் ஒரு தாய் வருவாள். மகள் பிந்தி வருகிற இரவில் யன்னலடியில் நிற்பாள், அவ்வளவுதான், மூன்று வரி. கதை முழுக்க மகளின் வாயால் சொல்லப்படுவதால் அந்தத் தாய் எரிச்சலூட்டும் ஒரு மனுசியாகவே வந்துபோவாள். பதினைந்து வயதுக்காரி வாசித்தால் அவளைத் தாண்டிப் போயிருப்பாள். நான் அந்த மூன்று வரியில் ஒரு நிலையத்தைத் தவறவிட்டேன். மகளின் கோபம் எனக்கு அப்படியே புரிந்தது, அது என்னுடைய கோபம். யன்னலடியில் நின்றவளும் புரிந்தாள். ஒரு பக்கத்துக்குள் இரண்டு பேராகவும் இருந்தேன்.

பெரியவர்களுக்கு எழுதப்படுகிற நாவல்களிலும் சின்ன வயது வரத்தான் செய்கிறது. ஆனால் அங்கே அநேகமாக ஐம்பது வயதில் ஒருவர் உட்கார்ந்து, "அப்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை" என்று பெருமூச்சுவிட்டபடி சொல்வார். எல்லாம் முடிந்த பிறகு வருகிற ஞானம். இளையோர் நாவலில் சொல்கிறவளுக்கு நாளைக்கு என்ன என்று தெரியாது. சினேகிதி மெசேஜுக்குப் பதில் போடாதது அவளுக்கு உலகம் இடிந்த விசயம், கதையும் அதை இடிந்த விசயமாகவே எடுத்துக்கொள்கிறது. "சின்னப் பிள்ளைச் சண்டை, நாளைக்குச் சரியாகிடும்" என்று யாரும் தலையைத் தடவமாட்டார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். நாள் முழுக்க எல்லாவற்றையும் "பார்ப்போம், சமாளிப்போம்" என்று சொல்லிப் பிழைப்பு நடத்துகிறவளுக்கு, ஒரு விசயத்தை முழுசாகப் பெரிசாக எடுக்கிற ஒருத்தியோடு இருநூறு பக்கம் இருப்பது பெரிய ஆறுதல்.

இந்த வகை எழுந்து நிற்கக் காரணமான நாவல்களில் ஒன்றை எழுதியதே அந்த வயதுக்காரிதான். எஸ்.ஈ. ஹின்டன் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை அமெரிக்காவின் துல்சா நகரில் உயர்பாடசாலையில் படிக்கும்போது எழுதினார், 1967இல் வெளிவந்தது. எழுதியது பெண் என்று தெரிந்தால் விமர்சகர்கள் இளக்காரமாகப் பார்ப்பார்கள் என்று பதிப்பகத்தார் முதலெழுத்துகளை மட்டும் போடச் சொன்னார்களாம். எதையாவது ரிபன் கட்டி மறைக்காமல் இந்த வகைக்குப் பிறப்பே இல்லைப் போலிருக்கிறது.

எங்கள் ஊருக்கே வருவோம். ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி போய்' பலருக்குத் தெரியும். 1994இல் வந்தது, கொழும்பில் நடந்து 1983இல் தமிழருக்கு எதிராக வெடித்த கலவரத்தில் போய் முடியும். அவரே 2005இல் இளையோருக்கென்று 'ஸ்விம்மிங் இன் த மொன்சூன் சீ' எழுதினார். அதைச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் முழிக்கிறார்கள். 1980ஆம் ஆண்டுக் கொழும்பு, 14 வயது அம்ரித், கனடாவிலிருந்து திடீரென்று வந்து நிற்கிற மச்சான், அவன்மேல் வருகிற பெயர் தெரியாத விருப்பம், பாடசாலையில் ஒத்தெல்லோ நாடக ஒத்திகை, பொறாமை. இன்னும் மூன்று வருசத்தில் இந்த நகரத்துக்கு என்ன வரப்போகிறதென்று வாசிக்கிற எனக்குத் தெரியும். அம்ரித்துக்குத் தெரியாது. அவன் பாட்டுக்குத் தன் விடுமுறையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறான். கலவரம் பற்றி நான் வாசித்த எத்தனையோ பக்கங்களைவிட அந்தப் பையனின் கவலை என்னை அதிகம் அலைக்கழித்தது. பதினான்கு வயதுக்காரர் இதே புத்தகத்தை வாசித்தால் அந்த மூன்று வருசம் கண்ணில் படுமா என்பது சந்தேகம்.

சிங்களத்தில் இதற்கென்று ஒரு தட்டே உண்டு. செப்டெம்பர் மாதம் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் போனால் பாருங்கள், 'யொவுன்', அதாவது இளையோர், என்று போட்டுக் குவித்து வைத்திருப்பார்கள். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ' வந்தது 1947இல். உபாலியும் ஜின்னாவும் வீட்டைவிட்டு ஓடித் தீவுக்குப் போகிற கதை. என் அலுவலகத்தில் ஓய்வுபெறப் போகிற ஒரு சிங்கள மஹத்தயா இன்றைக்கும் அதைச் சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டார், அவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அவர் தொல்லை தாங்காமல் என் அரைகுறைச் சிங்களத்தில் எழுத்துக் கூட்டி நானும் வாசித்து முடித்தேன், மூன்று மாதம் எடுத்தது. நாங்கள் வாங்குகிற கடைகளில் தமிழ்ப் பக்கத்தைப் பாருங்கள். 'சிறுவர்' முடிந்ததும் 'நாவல்'. நடுவில் ஒன்றுமில்லை, அல்லது ஓ.எல். பரீட்சையின் கடந்தகால வினாத்தாள்.

போரைப் பற்றித் தமிழில் எவ்வளவோ எழுதியாகிவிட்டது. போராளிகளின் கதை, இடம்பெயர்ந்தவர்களின் கதை, எல்லாம் வேண்டியவை, எல்லாம் கனத்த குரல். 1996இல் மெஜஸ்டிக் சிற்றிக்குப் போக ஆசைப்பட்டு, நடுவில் இரண்டு சோதனைச் சாவடி இருந்த ஒரு பெட்டையின் கதை என் கைக்கு எட்டவே இல்லை. அதனால் "நீ பழைய வயசுக்குத் திரும்பிப் போறாய்" என்று சினேகிதிகள் பகிடி பண்ணும்போது எனக்குப் பொருந்தவில்லை. போகாத இடத்துக்கு எப்படித் திரும்புவது? நான் இப்போதுதான் முதன்முதலாகப் போகிறேன், அதுவும் வேறு யாரோ ஒரு நாட்டுப் பிள்ளையின் வீட்டு வாசல் வழியாக.

சரி, எதிர்க்கட்சிக்கும் இடம் கொடுக்க வேண்டும். 2014இல் ஸ்லேட் என்ற அமெரிக்க இணைய இதழில் ஒரு கட்டுரை வந்தது, பெரியவர்கள் இந்த நூல்களை வாசிக்க வெட்கப்பட வேண்டும் என்று. முடிவுகள் எல்லாம் மனத்துக்கு இதமாக முடிந்துவிடுகின்றன, சிக்கலும் தெளிவின்மையும் இல்லை என்பது அதன் முக்கியமான குற்றச்சாட்டு. அதில் உண்மை இருக்கிறது. குப்பையும் நிறைய இருக்கிறது. சர்வாதிகாரியைக் கவிழ்க்கப் பிறந்த பதினாறு வயதுப் பெட்டை, அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு வடிவான பெடியன்கள், மூன்று பாகம், இதைப் பத்துத் தடவை வாசித்துவிட்டேன். முதல் அத்தியாயத்திலேயே தாய் தகப்பனைக் கொன்றுவிடுகிற வழக்கம் வேறு. கதை நடத்த வசதி என்று எனக்கும் புரிகிறது, ஆனாலும் கோபம் வரும். ஆனால் இதமாக முடிவதுதான் குற்றம் என்றால், பக்கத்து வீட்டு அன்ரியின் மாத நாவல்களில் ஒன்றாவது கலியாணம் இல்லாமல் முடிந்ததா? அதை வாசிக்க வெட்கப்படச் சொல்லி யாரும் கட்டுரை எழுதியதாக நினைவில்லை.

விலை இன்னொரு கதை. 2022இல் டொலர் இருநூற்றுச் சொச்சத்திலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் பாய்ந்த பிறகு இறக்குமதிப் புத்தகத்தைத் தொட்டுப் பார்க்கவே பயம். மருதானைப் பக்கம் டி.ஆர். விஜயவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் பொறுமையாகக் கிண்டினால் கிடைக்கும். முதல் பக்கத்தில் வேறு யாரோ ஒரு பிள்ளையின் பெயரும் வகுப்பும் எழுதியிருக்கும், சில வேளை ஓரத்தில் இதயமும் அம்பும். அங்கே யாரும் வயது கேட்பதில்லை.

கடைசியாக ஒரு விசயம். 'ஸ்விம்மிங் இன் த மொன்சூன் சீ' என்னுடைய பிரதியை 2022இல், பெற்றோல் வரிசைக் காலத்தில், "வரிசையில நிண்டு வாசிச்சிட்டுத் தாறன்" என்று வாங்கிப்போன ஒருவர் இதை வாசிக்கிற என் சினேகிதர்களில் இருக்கிறார். வரிசை முடிந்து கனகாலம். உள்ளே 46ஆம் பக்கத்தில் ஒரு ரயில் சீசன் டிக்கெட் இருக்கும். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், புத்தகத்தைத் தாருங்கள். வெள்ளவத்தை, தெஹிவளை என்றால் நானே வந்து எடுக்கிறேன்.