ஹாம்லெட்டின் பித்து வேடத்தால் யாருக்கு என்ன பயன்?

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே, தந்தையைக் கொன்ற சித்தப்பனைப் பழிவாங்க அந்த டென்மார்க் இளவரசன் ஏன் இத்தனை தயங்கினான் என்ற கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. தாங்க முடியாத கடமை ஒரு மென்மனத்தவன்மீது சுமத்தப்பட்டது என்றார் ஜெர்மானியக் கவிஞர் கதே. சிந்தனை மிகுந்ததால் செயல் குன்றியவன் என்றார் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ். உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்டோ 1900-இல், தாயின்மேல் அவனுக்கிருந்த ஆழ்மன ஆசையில் காரணத்தைத் தேடினார். எனக்கென்னவோ இந்தக் கேள்வியை அளவுக்கு மீறிப் பெரிதாக்கிவிட்டோம் என்றே தோன்றுகிறது. தயக்கத்துக்கான விடை நாடகத்துக்குள்ளேயே பெருமளவு கிடைத்துவிடுகிறது. அவன் எதற்காகப் பைத்தியக்காரனாக நடித்தான் என்பதற்குத்தான் எத்தனை முறை படித்தாலும் விடை கிடைப்பதில்லை.

தயக்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஹாம்லெட் படித்த விட்டன்பெர்க், கிறித்தவச் சீர்திருத்தவாதி லூத்தரின் ஊர். அந்தச் சீர்திருத்தச் சமயத்தில், இறந்தோரின் பாவம் எரித்துப் போக்கப்படும் இடைநிலை உலகம் என்று ஒன்று கிடையாது. ஆனால் தந்தையின் உருவில் வந்து, என்னைக் கொன்றவன் என் தம்பிதான், பழிவாங்கு என்ற ஆவியோ அப்படியோர் இடத்திலிருந்து வருவதாகத்தான் சொல்கிறது. அது தன்னை நரகத்துக்கு இழுக்க வந்த சாத்தானாக இருக்கலாமே என்று ஹாம்லெட் ஐயுறுவதும், நாடகத்துக்குள் ஒரு நாடகம் போட்டு இப்போது மன்னனாகிவிட்ட சித்தப்பன் கிளாடியஸின் முகத்தைச் சோதிப்பதும் கோழைத்தனம் ஆகாது. ஓர் ஆவியின் வாக்குமூலத்தை மட்டும் நம்பி மன்னனைக் கொல்பவனைத்தான் நாம் அறிவிலி என்போம். சான்று கிடைத்தபின் அவன் கை தயங்குவதில்லை. திரைக்குப் பின்னால் இருப்பது யாரென்று பாராமலே வாளைச் செருகுகிறான். கடற்கொள்ளையர் கப்பலுக்குள் தன்னந்தனியாகத் தாவுகிறான். பள்ளித் தோழர்கள் இருவரைக் கடிதத்தை மாற்றி எழுதிச் சாவுக்கு அனுப்பிவிட்டு, அதற்காக மனம் உறுத்தவில்லை என்றும் சொல்கிறான். தன் தாமதத்தை அவனே மிகக் கடுமையாகப் பழித்துக்கொள்ளும் நான்காம் அங்கத்துத் தனிமொழி 1604-இல் வெளியான பதிப்பில் இருக்கிறது, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623-இன் பெருந்தொகுப்பில் இல்லை. அந்த ஒரு பேச்சை நீக்கிவிட்டுப் படித்தால் 'தயங்கும் இளவரசன்' பாதி மறைந்துபோகிறான்.

தொழுதுகொண்டிருக்கும் கிளாடியஸை அவன் கொல்லாமல் விடும் காட்சியைத்தான் தயக்கத்தின் உச்சமாகப் பலரும் காட்டுவார்கள். அங்கே அவன் சொல்லும் காரணத்தைச் சற்று நின்று கேட்க வேண்டும். இப்போது கொன்றால் இவன் ஆன்மா சொர்க்கம் போய்விடும், ஆகவே இவன் குடியிலோ காமத்திலோ திளைத்திருக்கும்போது கொன்று நேரே நரகத்துக்கு அனுப்புவேன் என்கிறான். உடலைக் கொன்றால் போதாது, மறுமையையும் அழிக்க வேண்டும் என்று கணக்குப் போடுபவனை மென்மனத்தவன் என்று எப்படி அழைப்பது? படிக்கவும் சொல்லவும் கூடாத அளவுக்குக் கொடியது இந்தப் பேச்சு என்று ஆங்கில விமர்சகர் சாமுவேல் ஜான்சன் 1765-இல் எழுதியதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

பித்து வேடத்துக்கு வருகிறேன். இந்தக் கதையின் மூலம் 1200-ஐ ஒட்டி டென்மார்க்கின் சாக்ஸோ கிராமட்டிகஸ் இலத்தீனில் எழுதிய வரலாற்று நூலில் இருக்கிறது. அதில் ஃபெங் என்பவன் தன் அண்ணனைக் கொன்றது ஊரறிந்த செய்தி. கொலையுண்டவனின் மகன் ஆம்லெத் பழிவாங்குவானோ என்பதுதான் கொன்றவனின் அச்சம். ஆகவே ஆம்லெத் உடம்பெல்லாம் அழுக்கைப் பூசிக்கொண்டு, அடுப்பங்கரையில் உட்கார்ந்து மரக்கொக்கிகளைச் செதுக்கித் தீயில் வாட்டியபடி, தந்தைக்காகப் பழிவாங்கக் கூரிய ஈட்டி செய்கிறேன் என்று உண்மையையே சொல்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். பிற்பாடு அதே கொக்கிகளால்தான், குடித்துக் கிடக்கும் அரசவையினரைத் திரைச்சீலைக்குள் மாட்டி, மண்டபத்தோடு எரிக்கிறான். அங்கே பைத்தியம் என்பது உயிர்காக்கும் கவசம். பழிவாங்கும் திட்டத்தின் அங்கம்.

ஷேக்ஸ்பியர் கொலையை இரகசியமாக்கினார். தோட்டத்தில் உறங்கிய மன்னனைப் பாம்பு கடித்துவிட்டது என்றே நாடு நம்புகிறது. உண்மையை அறிந்த உயிருள்ள மனிதன் கொன்றவன் ஒருவனே. அவன் ஹாம்லெட்டைச் சந்தேகிக்க அதுவரை எந்தக் காரணமும் இல்லை. வாயை மூடிக்கொண்டு துக்கம் காத்திருந்தாலே போதும். ஹாம்லெட்டோ பித்து வேடம் பூண்டு தன்மேல் எல்லோருடைய பார்வையையும் இழுத்துக்கொள்கிறான். பழைய தோழர்களை ஒற்றர்களாக வரவழைக்கிறார்கள்; அமைச்சர் பொலோனியஸ் திரைகளுக்குப் பின்னால் ஒளிய ஆரம்பிக்கிறார். பொலோனியஸின் மகளும் ஹாம்லெட்டின் காதலியுமான ஒஃபீலியாவிடம் அவன் பேசுவதை ஒளிந்து கேட்ட கிளாடியஸ், இது காதலும் இல்லை, பைத்தியமும் இல்லை என்று உடனே கண்டுகொண்டு, இவனை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று முடிவெடுக்கிறான். கவனிக்க வேண்டும்: நாடகத்துக்குள் நாடகம் நடப்பதற்கு முன்பே இந்த முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. வேடம் யாரை ஏமாற்ற வேண்டுமோ, அவனைத் தவிர மற்ற எல்லோரும் ஏமாந்தார்கள். தெளிந்த மனத்தவனாக அறியப்பட்டிருந்தால் செய்ய முடியாத எதையும் ஹாம்லெட் இந்த வேடத்தால் செய்துவிடவில்லை என்று ஜான்சன் எழுதியதற்கு இன்றுவரை சரியான மறுமொழி வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அரங்கத்தின் பக்கமிருந்து காரணம் சொல்லலாம்தான். சில ஆண்டுகளுக்கு முன்பே தாமஸ் கிட், மகனை இழந்து பித்தேறிய தந்தையொருவன் நாடகம் போட்டுப் பழிதீர்க்கும் கதையை லண்டன் மேடையில் பெருவெற்றி பெறச் செய்திருந்தார். பழிவாங்க வருபவன் பித்தனாகவும் வருவான் என்று அந்தப் பார்வையாளர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். நடிகனுக்கோ அது விருந்து. நாடகத்தை 'அமலாதித்யன்' என்று தமிழ்ப்படுத்திய பம்மல் சம்பந்த முதலியாரும் நடிகர்தான் என்பதில் எனக்கு வியப்பில்லை. அமைச்சரின் முகத்துக்கு நேரே அவரை மீன் விற்பவன் என்று சொல்லவும், பிச்சைக்காரனின் குடல் வழியே மன்னன் பவனி வரலாம் என்று மன்னனிடமே விளக்கவும் பித்தன் ஒருவனால்தான் முடியும். இந்தப் பேச்சுரிமைக்காகவே ஹாம்லெட் வேடத்தைக் கழற்ற மறுக்கிறான் என்பது என் எண்ணம். பழிதீர்ப்பதற்கு அது தேவையில்லை. வெறுப்பைக் கொட்டுவதற்குத் தேவை.

அந்த வெறுப்பு யார்மேல் கொட்டுகிறது என்பதில்தான் எனக்கு அவனோடு தீராத வழக்கு. பொத்தான் கழன்ற மேலாடையும் சரிந்த காலுறையுமாக அவன் முதலில் போய் நிற்பது கொன்றவன் முன்னால் அன்று, ஒஃபீலியாவின் அறையில். அவள்தான் முதலில் அஞ்சி நடுங்குகிறாள். பின்னர் கன்னிமடத்துக்குப் போ என்று விரட்டப்படுபவளும், சபையில் ஆபாசப் பேச்சால் கூனிக்குறுகுபவளும் அவளே. கடைசியில் அவன் நடித்த நோய் அவளுக்கு உண்மையாகவே வந்துவிடுகிறது. தந்தையைக் கொன்றவன் தான் நேசித்தவன் என்ற நிலையில் பித்துப் பிடிக்க அவளுக்கு எந்த வேடமும் தேவைப்படவில்லை.

ஐந்தாம் அங்கத்தில் அவள் அண்ணன் லேர்டீஸிடம் ஹாம்லெட் மன்னிப்புக் கேட்கிறான். உனக்குத் தீங்கு செய்தது ஹாம்லெட் அன்று, அவனுடைய பைத்தியம். அந்தப் பைத்தியத்தால் தீங்குற்றவர்களில் ஹாம்லெட்டும் ஒருவன் என்கிறான். திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்து அவன் வாளுக்கு இரையான பொலோனியஸின் பிணம் தரையில் கிடந்தபோது, நான் பைத்தியம் இல்லை, தந்திரமாக நடிக்கிறேன் என்று தாயிடம் சொன்னவனும் இவனே. நல்லவனுக்கோ வீரனுக்கோ இப்படிப் பொய்யில் ஒதுங்குவது தகாது என்று ஜான்சன் இங்கேயும் வருந்துகிறார். ஹாம்லெட் கடைசிக் காலத்தில் உண்மையாகவே நிலைதடுமாறியிருந்தான் என்று அவன் பக்கம் வாதாடுவோர் உண்டு. மரணத்தைப் பற்றி அத்தனை தெளிவாக நண்பன் ஹொரேஷியோவிடம் பேசிய சற்று நேரத்துக்குள்ளா என்று அவர்களைக் கேட்பேன்.

ஹொரேஷியோவும் இதில் தப்புவதில்லை. பித்து வேடம் போடப் போகிறேன், வெளியே சொல்லாதே என்று முதல் அங்கத்திலேயே சத்தியம் வாங்கப்பட்டவன் அவன். ஒஃபீலியா பித்துப் பிடித்துப் பாடும் காட்சியில் மேடையில் இருந்தவனும் அவன். ஆனால் ஹாம்லெட் திரும்பி வந்து, அவனோடு நெடுநேரம் இடுகாட்டில் மண்டையோட்டை வைத்துத் தத்துவம் பேசும்போது, அந்தக் குழி இறந்துபோன ஒஃபீலியாவுக்கு என்பதை ஹாம்லெட் அவளுடைய அண்ணன் வாயிலிருந்துதான் தெரிந்துகொள்கிறான். எல்லாம் முடிந்தபின், நடந்ததை உலகுக்குச் சொல்லும் பொறுப்பு ஹொரேஷியோவுக்கு வருகிறது. தற்செயலான கொலைகளையும் சூழ்ச்சியால் வந்த சாவுகளையும் பற்றிச் சொல்வேன் என்று நார்வே இளவரசன் ஃபார்டின்பிராஸிடம் அவன் தரும் பட்டியலில் பித்து வேடமும் இல்லை, ஒஃபீலியாவின் பெயரும் இல்லை.