முன் பிரேக்கைத் தொடாதே என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்

புதிதாக பைக் ஓட்டக் கற்பவரிடம் முதல் நாளே "முன் பிரேக்கைத் தொட்டுடாத, குப்புறக் கவிழ்ந்துடுவ" என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. காய்ந்த சாலையில் வண்டியை நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு, ஏறக்குறைய 70 சதவீதம், முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் சாய்கிறது. முன் டயர் தரையில் அழுந்திப் பிடிப்பு கூடுகிறது, பின் டயர் லேசாகிவிடுகிறது. அந்த நேரத்தில் பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் இறுகி, பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். வண்டி சீக்கிரம் நிற்கவும் செய்யாது.

ஆளைக் கவிழ்ப்பது முன் பிரேக் அல்ல, அதை வெடுக்கென்று இழுப்பதுதான். பாரம் முன்னால் வந்து சேருமுன் லீவரை இறுக்கினால் முன் டயர் வழுக்கிவிடும். முதலில் மெல்லப் பிடித்து, முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்கள்) அமுங்கிய பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். கூடவே பின் பிரேக், லேசாக. ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். மணல், ஜல்லி, ஈரம் என்றால் இன்னும் மென்மையாக. வளைவா? அதற்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், சக்கரம் இறுகாமல் தடுக்கும் ஏபிஎஸ் வசதி இருந்தாலும்.

60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. பயந்துபோய் எந்தப் பிரேக் என்று யோசிக்க அங்கே நேரம் ஏது? காலியான தார்த் தரையில் 20, பிறகு 30, 40 என்று வேகம் கூட்டி, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கப் பழக்குங்களேன். அரை மணி நேரம் கூடவா ஒதுக்க முடியாது!