பத்தாவது குவியல் யாருக்கு?

எட்டாம் ஹென்றி இங்கிலாந்தின் மடாலயங்களை மூடியதைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிலத்தையும் இடிந்த சுவர்களையும்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அங்கே நடந்த பெரிய அநியாயம் தசமபாகத்தை, அதாவது விளைச்சலில் திருச்சபைக்குச் சேர வேண்டிய பத்தில் ஒரு பங்கை, விற்றதுதான்.

அறுவடையின்போது பல ஊர்களில் ஒவ்வொரு பத்தாவது கதிர்க்குவியலிலும் ஒரு பச்சைக் கிளையைச் செருகிவைப்பார்கள். அது திருச்சபைக்கு. கம்பளி, ஆட்டுக்குட்டி, முட்டை என்று எதிலும் பத்தில் ஒன்று. ஊரில் ஒரு பாதிரியார் இருக்க வேண்டும், கோயில் கூரை ஒழுகக்கூடாது, ஏழைக்கு ஏதாவது கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் குடியானவன் அதை அளந்தான். மடாலயங்களும் யோக்கியம் இல்லை. பல ஊர்களின் தானியப் பங்கைத் தாங்களே எடுத்துக்கொண்டு, சில்லறை வரும்படியில் ஒரு பாதிரியாரை அமர்த்தின. ஆனாலும் அது சபைக்குள்ளேயே இருந்தது.

1536இல் சிறிய மடங்கள் போயின, 1539இல் பெரியவைக்கும் சட்டம் வந்தது. நிலத்தோடு தசமபாக உரிமையும் அரசவைக்காரர்கள், வியாபாரிகள், நிலக்கிழார்கள் கைக்குப் போனது. கொடுக்காத குடியானவன்மேல் அவர்கள் திருச்சபை நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம் என்று 1540இல் சட்டமும் வந்தது. ஒரு ஜெபம்கூடச் சொல்லாதவருக்கு, கடவுள் பெயரால் பத்தில் ஒரு பங்கு! இது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஹென்றியின் மகளும் கத்தோலிக்கருமான மேரி அரசியாலும் இதைத் திருப்ப முடியவில்லை. 1554இல் கர்தினால் போல் போப்பின் தூதராக வந்தபோது, வாங்கியவர்களின் சொத்தில் கைவைப்பதில்லை என்ற உறுதி கிடைத்த பிறகுதான் ஹென்றி உறவை முறித்திருந்த ரோமோடு நாடாளுமன்றம் சமாதானமானது. அப்புறம் 1625இல் சடங்கைவிடப் பிரசங்கத்துக்கு முதலிடம் கேட்ட லண்டன் பியூரிட்டன்கள் சிலர் பணம் திரட்டி, இந்த உரிமைகளை விலைக்கு வாங்கிப் பிரசங்கிகளுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கினார்கள். பின்னாளில் கேன்டர்பரி பேராயரான லாட் தரப்புக்கு அது பிடிக்கவில்லை. 1633இல் நீதிமன்றம் அந்த அமைப்பையே கலைத்துவிட்டது.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. தசமபாகம் வாங்கியவர் கோயிலின் பலிபீடப் பகுதியைப் பழுதுபார்க்க வேண்டும் என்ற கடமை, தசமபாகத்துக்கு ஈடாகக் கொடுத்த நிலங்களிலும் ஒட்டிக்கொண்டது. வார்விக்ஷயரில் ஆஸ்டன் கான்ட்லோ என்ற ஊரில் அப்படி ஒரு பண்ணை ஒரு தம்பதியிடம் இருந்தது. கோயில் செலவை அவர்கள்தான் ஏற்க வேண்டும் என்று அப்போது மேல்முறையீட்டின் கடைசி நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2003இல் தீர்ப்பளித்தது. முதலில் கேட்ட தொகையே ஏறத்தாழ ஒரு லட்சம் பவுண்டு. கடைசியில் பண்ணையை விற்றுவிட்டார்கள்.

பழுதுச் செலவைக் கேட்கும் இந்த உரிமையை 2013 அக்டோபருக்குள் பதிவு செய்யாவிட்டால், நிலம் அடுத்த கைக்கு விற்கப்படும்போது அது போய்விடும் என்று ஆனது. பல ஊர்த் திருச்சபைகள் பதியவில்லை. அவர்கள் செய்தது சரி. விளைச்சலை அள்ளிக்கொண்டு போனவர்களை விட்டுவிட்டு, இன்றைக்கு அங்கே உழுகிறவரிடம் போய் எதைக் கேட்பது?