போர் தண்ணீர் இருந்தால் ரப்பர் வருமா?

“எந்தத் தரிசானாலும் சரி, போர் தண்ணீர் இருந்தால் ரப்பர் வரும்” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு. ரப்பருக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 மி.மீ. மழை வேண்டும், அதுவும் பல மாதங்களுக்குப் பரவலாக. தமிழ்நாட்டின் சராசரி மழை அதில் பாதிகூட இல்லை. கன்னியாகுமரி மலையடிவாரத்தில் ரப்பர் செழிப்பது சும்மா இல்லை, அங்கே மழை அதிகம்.

மண்ணும் புளிப்பாக இருக்க வேண்டும். கார அமில நிலை (pH) 4.5 முதல் 6 வரை நல்லது. ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டிப் பாருங்கள். கடப்பாரை சுக்கான் பாறையில் ‘டங்’ என்று முட்டினாலோ, அடியில் தண்ணீர் தேங்கினாலோ அந்த இடம் ஆகாது. பால் வெட்டவே ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டிய மரம் இது.

அரசு மண் பரிசோதனை நிலையத்திலும் ரப்பர் வாரியத்திலும் கேட்டுச் சரிபார்க்கலாம். அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.