நட்டின் மேல் பைப் ரெஞ்சைப் போடாதீர்கள்!

இன்று காலை எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் அடிபோல்ட்டைக் குனிந்து பார்த்ததும் வயிறு எரிந்தது. ஆறு மூலையோடு இருந்த நட்டு உருண்டையாகிக் கிடக்கிறது. மூலைகள் இருந்த இடமெல்லாம் சீவிவிட்டதுபோல் பளபளக்கிறது. ஓரத்தில் நின்ற பிசிறு என் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. நேற்று வந்த பிளம்பரின் கைங்கரியம். அவர் பையில் நட்டை வளையம்போல் சுற்றிப் பிடிக்கும் ரிங் ஸ்பேனர் ஒன்றுகூட இல்லை. குழாய் பிடிக்கும் ஒரு பைப் ரெஞ்சும், திருகி வாயைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ஸ்க்ரூ ஸ்பேனரும்தான். "எல்லாத்தையும் இதுலயே கழட்டிருவேன் சார்" என்றார்.

பைப் ரெஞ்சுக்குப் பல் வைத்திருப்பதே உருண்டையான குழாயைக் கடித்துப் பிடிக்கத்தான். நட்டுக்குத்தான் பிடிப்பதற்கென்றே ஆறு பட்டை இருக்கிறதே, அதை ஏன் ஐயா கடிக்க வேண்டும்? ஸ்க்ரூ ஸ்பேனரும் லேசுப்பட்டதல்ல. எவ்வளவு இறுக்கித் திருகினாலும் அசையும் தாடையில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அழுத்தம் அசையாத தாடையின் மேல் விழும்படி இழுக்க வேண்டும். அதைத் திருப்பிப் போட்டு இழுத்தால் தாடை விரியும், மூலை போகும். நேற்று என் கண் முன்னால் நடந்தது அதுதான். முதலில் ஸ்க்ரூ ஸ்பேனர் வழுக்கியது, அப்புறம் பைப் ரெஞ்ச் மிச்சத்தையும் தின்றது.

துருப்பிடித்து இறுகிய நட்டுக்கு முதலில் ரிங்தான் போட வேண்டும். இரு முனையிலும் திறந்த வாய் உள்ள டபுள் எண்ட் ஸ்பேனர் இரண்டு பட்டையை மட்டும் பிடிக்கிறது. ரிங் ஆறு மூலையையும் சுற்றி வளைத்துப் பிடிக்கிறது. ரிங் நுழையாத இடத்துக்கும், இளகிய நட்டைச் சட்டென்று சுழற்றி எடுக்கவும்தான் திறந்த வாய்.

சரி, நாமே ரிங் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று கடைக்குப் போனால் அங்கே வேறு கூத்து. 17 எம்எம் ரிங் கேட்டேன் (நட்டின் எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையே உள்ள அகலம்தான் இந்த அளவு). தனியாகத் தர மாட்டாராம், செட்டாகத்தான் எடுக்க வேண்டுமாம். எடுத்து வைத்ததோ டபுள் எண்ட் செட். முனைக்கு ஓர் அளவாக 6-7, 8-9 என்று தொடங்கி 20-22 வரை எட்டு உருப்படி. அதில் 17 ஒன்றே ஒன்று. போல்ட் தலை 17, நட்டும் 17. தலையை ஒன்று பிடித்துக்கொண்டால்தானே இன்னொன்றால் நட்டைத் திருப்ப முடியும்? இரண்டாவதற்கு எங்கே போவது? அங்கேதான் எல்லோரும் மறுபடி ஸ்க்ரூ ஸ்பேனரைத் தூக்குகிறார்கள்.

அளவிலும் இதே கொடுமை. தண்டு 10 எம்எம் உள்ள போல்ட் என்றால் தலை பழைய அளவில் 17, புதிய அளவில் 16, ஜப்பான் வண்டிகளில் 14. அரை இஞ்ச் தலை 12.7 எம்எம். அதற்கு 13-ஐப் போட்டு "கொஞ்சம் லூஸ்தான், பரவாயில்லை" என்கிறார்கள். அந்தக் கொஞ்சம்தான் மூலையைச் சீவுகிறது!

மூன்று கடை ஏறி இறங்கி இரண்டு 16-17 ரிங் தனியாக வாங்கி வந்துவிட்டேன். உருண்டுபோன நட்டை இனி உளி வைத்துப் பிளந்துதான் எடுக்க வேண்டும். மிச்சம் மூன்று நட்டு நல்லபடியாக இருக்கிறது. நேற்றே துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைத்திருக்கிறேன். பிளம்பருக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்று: அந்தப் பையை வாசலிலேயே வைத்துவிட்டு வாருங்கள், ஸ்பேனர் நான் தருகிறேன்.